கொடுவா மீனுக்குத் தீன் தெரிதல்

நெல்வயலும் உவர்நீரும் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் மீன் வளர்ப்பானது கமத்தொழிலுக்குத் துணைத்தொழிலாக அமையத்தக்கது. திருகோணமலை மாவட்டத்திற் கிண்ணியாப் பகுதியைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணி அத்தகையதோர் ஊராகும். ஒருபால் வயலும் தோட்டமும், மறுபால் களப்பு நீரும் அங்கு உள்ளன. பெரும்போக அறுவடை முடிந்து நெல் ஆலைக்குச் சென்றதும் தவிடு மலிவாகக் கிடைக்கின்றது. வள்ளங்கள் கரை சேரும் இடங்களிற் சிறுமீனும் கிடைக்கின்றது. இவ்விரண்டையும் காணும் கமக்காரர், நிலத்தின் ஓரத்திலே ஒரு குட்டையை வெட்டி, சந்தையில் நல்ல விலை போகும் கொடுவா மீனை வளர்த்தால் என்ன என்று எண்ணுதல் இயல்பே. 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், பிடித்த மீனைப் பனிக்கட்டியிலிட்டு அன்றே திருகோணமலைச் சந்தைக்கு அனுப்புதலும் எளிதாயிற்று.

ஆயினும் இத்தொழிலில் இலாபமும் நட்டமும் தீனிலேயே தங்கியுள்ளன. கொடுவா வளர்ப்புக்கு ஆகும் செலவிற் பாதியோ அதற்கு மேலோ தீனுக்கே செல்லும். குட்டை வெட்டியதில் நேர்ந்த குறையை அடுத்த ஆண்டு திருத்திக் கொள்ளலாம். தவறான தீனை ஆறு மாதம் இட்டவர் அந்த ஆறு மாதத்தையும் இழந்தவரே ஆவர்.

கொடுவா எத்தகைய மீன்

சிங்களத்தில் மோதா என வழங்கும் கொடுவா, கடலிலும் களப்பிலும் நன்னீரிலும் வாழவல்லது. மாரியில் வெள்ளம் பாய்ந்து களப்பு நீர் நன்னீராக மாறினும், கோடையில் உப்பு ஏறினும், மாற்றம் படிப்படியாக நிகழுமாயின் அது தாங்கிக் கொள்ளும். இளமையில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும் இயல்பும் இதற்கு உண்டு. அதனாற் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்மீன்களாகவே இருக்கும்.

இம்மீனின் வாயைத் திறந்து பார்த்தவருக்கு அதன் உணவைப் பற்றி வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. அகன்ற வாயும், இரையை முழுதாக விழுங்கி வைக்கத்தக்க விரிந்த இரைப்பையும், குறுகிய குடலும் இதற்கு உள. சிறுமீன், இறால், நண்டு ஆகியவற்றை உயிருடன் பிடித்து உண்பதே இதன் வழக்கம். திலாப்பியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் குடல் உடல் நீளத்திற் பல மடங்காகச் சுருண்டு கிடக்கும். நீரிலுள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் அழுகிய இலைப்பொருளையும் சிறிது சிறிதாக உண்டு, அந்நீண்ட குடலில் மெல்லச் சமிக்கச் செய்தலே அதன் முறை. மாடு உண்ணும் வைக்கோலைப் பூனைக்கு இடுவார் இல்லை. மீன் என்ற ஒரே பெயரால் இவ்விரண்டையும் அழைப்பதாலேயே தீன் விடயத்தில் மயக்கம் உண்டாகின்றது.

தவிடு ஏன் போதாது

வளரும் கொடுவாவின் தீனில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை புரதம் இருத்தல் வேண்டும். இளங்குஞ்சுகளுக்கு இதனினும் மிகுதியாக வேண்டும். நல்ல தவிட்டிலுள்ள புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கேயாம். உமியையும் தவிட்டையும் ஒன்றாகத் தள்ளும் சிற்றாலைகளிற் கிடைக்கும் உமித்தவிட்டில் அதுவும் இராது. தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறக்குறைய 20 பங்கு உண்டு. தவிட்டையும் புண்ணாக்கையும் எந்த அளவிற் கலந்தாலும் 20 பங்கைத் தாண்ட இயலாது என்பது கணக்கறிந்த எவருக்கும் விளங்கும்.

இக்குறையை நிரப்ப மீன்மா சேர்க்க வேண்டும். நல்ல மீன்மாவிற் புரதம் நூற்றுக்கு 60 பங்கு எனக் கொள்வோம். அதனைத் தவிட்டுடன் சேர்த்து 40 பங்கு புரதமுள்ள தீன் ஆக்க வேண்டுமாயின், 100 கிலோகிராம் கலவையில் 58 கிலோகிராம் மீன்மாவும் 42 கிலோகிராம் தவிடும் இருத்தல் வேண்டும். அதாவது கலவையிற் பெரும்பகுதி மீன்மாவே. தவிடு கைவசம் உண்டு என்ற காரணத்தாற் கொடுவாத் தீன் மலிவாக அமைந்துவிடாது.

கணக்கிற் புரதம் சரியாக வந்தாலும் பிறிதொரு தடை உண்டு. தவிட்டிலுள்ள நாரையும் மாப்பொருளையும் கொடுவாவின் குறுங்குடல் நன்கு சமிக்கச் செய்வதில்லை. சமிக்காத பகுதி கழிவாகக் குட்டையின் அடியிற் படிந்து அழுகி, நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும். வாங்கிய மீன்மாவும் எப்பொழுதும் நம்பத்தக்கதன்று. மணலும் உப்பும் கலந்தவை சந்தையில் உண்டு. ஒரு பிடி மீன்மாவைக் கண்ணாடிக் குவளையிலுள்ள நீரிலிட்டுக் கலக்கினால் மணல் விரைந்து அடியில் தங்கும். நாவில் வைத்தால் உப்பு தெரியும். இச்சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

சிறுமீனைத் தீனாக இடுதல்

தென்கிழக்காசியாவிற் கொடுவா வளர்ப்பு பரவத் தொடங்கிய காலத்தில், உணவுக்கு விற்பனையாகாத சிறுமீனே பெரும்பாலும் தீனாக இடப்பட்டது. தாய்லாந்தின் சொங்க்லா நகரிலுள்ள மீன்வள நிலையத்தில் 1970களின் தொடக்கத்திற் கொடுவாவைச் செயற்கை முறையில் இனம்பெருக்கிய பின்னர், குஞ்சுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுக்கு ஏற்றவாறு சிறுமீனின் தேவையும் மிகுந்தது. மீன் போதாத காலங்களில், நறுக்கிய சிறுமீன் 70 பங்குடன் தவிடோ குறுநொய்யோ 30 பங்கு சேர்த்து இடும் வழக்கமும் அங்கு இருந்தது. இக்கலவையிலும் தவிடு பருமனைக் கூட்டுவதற்கே உதவியது. மீனை வளர்த்தது சிறுமீனேயாம்.

சிறுமீனை இடுவோர் கவனிக்க வேண்டியவை சில உள. மீன் அன்று பிடிக்கப்பட்டதாகவோ, பனிக்கட்டியில் வைக்கப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும். நாற்றம் எடுத்ததை மலிவு கருதி இடுதல் கூடாது. கழுவியபின் கொடுவாவின் வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்குதல் வேண்டும். குட்டையில் விட்ட முதல் இரு மாதங்களில் மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 பங்கைக் காலையும் மாலையுமாகப் பிரித்து இடுவர். அதன்பின் 5 பங்கைப் பிற்பகலில் ஒரு முறை இடுதல் போதும். ஒவ்வொன்றும் 100 கிராம் எடையுள்ள 300 மீன்களின் மொத்த எடை 30 கிலோகிராம். அவற்றுக்கு ஒரு நாட்குரிய சிறுமீன் ஒன்றரைக் கிலோகிராம் ஆகும். இக்கணக்கு சரிவர அமைய, இரு வாரத்துக்கு ஒருமுறை சில மீன்களைப் பிடித்து நிறுத்தல் அவசியம்.

சூடை, சாளை இனத்தைச் சேர்ந்த சில மீன்களின் பச்சைத் தசையில், விற்றமின் B1ஐ அழிக்கும் நொதியம் ஒன்று உண்டு. அவற்றை மட்டுமே பல வாரம் தொடர்ந்து உண்ணும் கொடுவா பசி குன்றி, நிலை தடுமாறி நீந்தும். பல இனங்களைக் கலந்து இடுவதும் இடையிடையே அவித்து இடுவதும் இதற்குப் பரிகாரமாம். வெப்பத்தால் அந்நொதியம் அழிந்துவிடும்.

கிழக்குக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரிக்காலத்திற் கடல் கொந்தளித்து, சிறு வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். அந்நாட்களிற் சிறுமீன் கிடைப்பது அரிது. கிடைப்பதும் மனிதர் உண்ணும் விலைக்கே விற்கும். ஏழைக் குடும்பத்தின் சட்டிக்குச் செல்ல வேண்டிய சூடையையும் நெத்தலியையும் விலை கூட்டி வாங்கிக் குட்டையிற் கொட்டுவது ஊருக்கும் நன்றன்று, வளர்ப்பவரின் கைப்பணத்துக்கும் நன்றன்று. சிறுமீனை மட்டுமே நம்பியவர் மாரியில் வேறு தீன் தேடி அலைய நேரிடும். பசித்த கொடுவாவோ பொறுத்திராது; தன்னிலும் சிறிய கொடுவாவை விழுங்கிவிடும்.

உருளைத் தீன்

பெலட் எனப்படும் உருளைத் தீன் ஆலைகளிற் செய்யப்பட்டுப் பைகளில் வருகின்றது. திருகோணமலைக் கடலில் ஓஷன்பிக் என்னும் தனியார் நிறுவனம் கூடுகளிற் கொடுவா வளர்த்து வந்துள்ளது. இத்தகைய பெரும் பண்ணைகள் உருளைத் தீனையே நம்பி நடைபெறுகின்றன. சிறு வளர்ப்போர் பையின் விலையைக் கண்டு மலைப்பது உண்டு. 2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது இறக்குமதித் தீன்களின் விலை பெரிதும் ஏறியதை மீன் வளர்ப்போரும் கோழி வளர்ப்போரும் மறந்திரார்.

எனினும் விலையை மட்டும் ஒப்பிடுதல் பிழையான கணக்காகும். சிறுமீனில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். ஒரு கிலோகிராம் கொடுவா வளர்வதற்கு 4 முதல் 8 கிலோகிராம் வரை சிறுமீன் செலவாகும். நல்ல உருளைத் தீனாயின் ஒன்றரை முதல் இரண்டு கிலோகிராம் போதும். ஆகவே சிறுமீனின் விலையை ஆறாலும் உருளைத் தீனின் விலையை இரண்டாலும் பெருக்கி, வரும் இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உருளைத் தீனின் விலை சிறுமீன் விலையைப் போல் மும்மடங்கினும் குறைவாக உள்ளவரை உருளைத் தீனே இலாபமானது. மும்மடங்கைத் தாண்டும்போது சிறுமீன் மலிவாகத் தோன்றும். அப்பொழுதும் பனிக்கட்டி, நறுக்குங்கூலி, நீர் கெடுதல் ஆகியவற்றைச் சேர்த்தே முடிவு செய்தல் தகும்.

பையை வாங்குமுன் அதன் மேல் அச்சிட்டுள்ள புரத அளவையும் செய்த திகதியையும் வாசித்தல் வேண்டும். திலாப்பியாவுக்கும் கெண்டைக்கும் என விற்கப்படும் தீனிற் புரதம் பொதுவாக நூற்றுக்கு 25 முதல் 30 பங்கே இருக்கும். அது விலை குறைந்ததாயினும் கொடுவாவுக்கு உதவாது. கோழித்தீனும் அத்தகையதே. மிதக்கும் தீனைத் தெரிதல் நன்று. மீன் எழும்பி உண்பதும், உண்ணாது விடுவதும் கண்ணுக்குத் தெரியும். மூழ்கும் தீன் உண்ணப்பட்டதா, சேற்றிற் புதைந்ததா என்பதை எவரும் அறியார்.

கொடுவாக் குஞ்சு உருளைத் தீனைத் தானாக உண்ணாது. அசைவதையே இரை எனக் கருதும் அதற்கு, அசையாத உருளையை உண்ணப் பழக்க வேண்டும். முதலில் அரைத்த மீனை இட்டு, நாள்தோறும் அதனைக் குறைத்து உருளைத் தூளைக் கூட்டி, ஓரிரு வாரத்தில் முற்றும் மாற்றுவர். வட அமெரிக்காவின் பேரேரிகளில் வாழும் மஞ்சட் பேர்ச் என்னும் மீனை வளர்ப்போரும் இதே தொல்லையை எதிர்கொள்கின்றனர். அதுவும் பூச்சியையும் சிறுமீனையும் தேடி உண்ணும் இனமாதலால், உலர்தீனுக்குப் பழகிய குஞ்சுகளை அங்கு தனியாக விலை பேசி வாங்குகின்றனர். இங்கும் குஞ்சு வாங்குவோர், அது உருளைத் தீன் உண்ணப் பழகியதா என வினவி, முன்னிலையில் ஒரு பிடி இட்டுக் காட்டச் செய்தபின் பணம் கொடுத்தல் வேண்டும்.

பழகிய குஞ்சுகளிடையேயும் ஒன்றையொன்று விழுங்கும் குணம் நீங்காது. தன் நீளத்திற் பாதிக்கு மேற்பட்ட உடன்பிறப்பையும் கொடுவாக் குஞ்சு விழுங்கும். 10 சென்ரிமீற்றர் வளரும்வரை வாரந்தோறும் பெரியவற்றையும் சிறியவற்றையும் வேறாக்குதல் அவசியம். எத்துணை நல்ல தீனும் இவ்வேலைக்கு ஈடாகாது.

தவிட்டை மீனாக்கிக் கொடுத்தல்

அங்ஙனமாயின் வயலிலிருந்து வரும் தவிடு கொடுவா வளர்ப்பில் எவ்விதத்திலும் பயன்படாதோ எனின், நேராகப் பயன்படாது. மற்றொரு மீனின் வழியாகப் பயன்படும். தவிட்டையும் பாசியையும் உண்டு விரைந்து பெருகும் திலாப்பியாவை முதலிற் குட்டையில் விட்டு, அதன் குஞ்சுகளைக் கொடுவாவுக்கு இரையாக்கும் முறை தாய்லாந்து முதலிய நாடுகளிற் கையாளப்பட்டு வந்ததாகும். பைகளில் தீன் வாங்க இயலாத கமக்காரருக்கு இதுவே ஏற்ற வழி எனலாம்.

திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் வந்த இனம் உவர்நீரிலும் வாழ்ந்து இனம்பெருக வல்லது. சந்தையிற் பெரிதாக வளர்க்க விரும்புவோருக்கு அதன் குறை யாதெனில், அது ஓயாது குஞ்சு பொரித்துக் குட்டையை நிரப்பிக் கொண்டு, எல்லாமே சிறுமீனாகத் தேங்கிவிடும். கொடுவாவை வளர்ப்பவருக்கு அக்குறையே நிறையாகின்றது.

கால் ஏக்கர்க் குட்டையை உலர்த்தி, உலர்ந்த சாணமிட்டு நீரைப் பாய்ச்சினால் சில நாட்களில் நீர் பச்சை நிறம் பெறும். அதன்பின் வளர்ந்த திலாப்பியாக்களை ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற அளவில் 500 முதல் 1,000 வரை விடுதல் வேண்டும். இவற்றுக்குத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து நாள்தோறும் இடலாம். ஒன்று அல்லது இரண்டு மாதத்திற் கரையோரமெங்கும் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகத் தோன்றும். அப்பொழுதுதான் 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள கொடுவாக்களை 300 முதல் 500 வரை விடுதல் முறை. பொறுமையின்றி இரண்டையும் ஒரே நாளில் விடுவோர், இரையில்லாத குட்டையில் வேட்டைமீனை விட்டவராவர்.

இம்முறையில் விளைச்சல் உருளைத் தீன் இட்ட குட்டையினும் குறைவே. செலவோ அதனினும் மிகக் குறைவு. கரையோரத்திற் குஞ்சுகள் அருகும்போது கொடுவா பசித்திருக்கின்றது என அறிந்து, சிறிது நாள் சிறுமீனோ உருளைத் தீனோ இட்டு உதவலாம். கொடுவாவின் வாய்க்கு அடங்காது வளர்ந்துவிட்ட திலாப்பியாக்கள் வீட்டுச் சமையலுக்கு ஆகும். குட்டையின் வாயில்களுக்கு நெருங்கிய வலையிட்டு, திலாப்பியா களப்புக்குள் தப்பிச் செல்லாதவாறு காத்தல் வேண்டும்.

தவிட்டின் தரத்தையும் கருத வேண்டும். பச்சை நெல்லின் தவிட்டிலுள்ள எண்ணெய், அதிலுள்ள நொதியத்தின் செயலாற் சில நாட்களிலேயே காறல் நாற்றம் எடுக்கும். புழுங்கல் நெல்லின் தவிடு, அவிக்கும்போது அந்நொதியம் அழிவதால், கூடிய நாள் கெடாது நிற்கும். ஆகவே சேமித்து வைப்பதற்குப் புழுங்கல் தவிட்டையும், உடன் இடுவதற்குப் பச்சைத் தவிட்டையும் கொள்ளலாம்.

நீர் முற்றும் நன்னீராக உள்ள குட்டை உடையோர் கொடுவாவை நாடாது, திலாப்பியாவையும் கெண்டை இனங்களையும் மட்டுமே வளர்ப்பின், தவிடும் புண்ணாக்கும் நேராகவே தீனாகும். தோட்டத்திற் கழிக்கும் கீரைத் தண்டையும் கோவா இலையையும் புல்கெண்டை விரும்பி உண்ணும். மருந்து தெளித்த இலையை இடலாகாது. மரக்கறித் தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் பூச்சிமருந்து கலந்து வடியும் நீரைக் குட்டைக்குள் விடுதலும் கூடாது. சில மருந்துகள் சிறிதளவிலேயே மீனைக் கொன்றுவிடும். அவ்வாறே உவர்நீர்க் குட்டையின் நீரை, மீன் எருக் கலந்த நல்ல நீர் என எண்ணி வயலுக்குத் திருப்பினால் பயிர் கருகும்.

தீன் இடும் வேளையும் காவலும்

விடியற்காலையிற் குட்டை நீரில் ஒட்சிசன் மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பசி எனப் பிழையாகக் கொண்டு தீன் இடுவோர் உளர். அவ்வேளை இடும் தீன் அழிவையே விரைவுபடுத்தும். வெயில் ஏறியபின் இடுதல் வேண்டும். பெருமழையால் நீர் கலங்கிய நாளிலும், வெள்ளத்தால் உப்பளவு திடீரெனக் குறைந்த நாளிலும் கொடுவா தீனை நாடாது; அந்நாட்களில் அளவைப் பாதியாக்குதலோ நிறுத்துதலோ நட்டமன்று. ஏனைய நாட்களிற் சிறிது சிறிதாக எறிந்து, மீன் பாய்ந்து எடுப்பது தணிந்ததும் நிறுத்திவிடுதல் வேண்டும். எஞ்சியதை முழுதும் கொட்டித் தீர்க்கும் வழக்கமே பல குட்டைகளைக் கெடுத்துள்ளது.

தீன் பைகளைச் சீமெந்துத் தரையில் நேராக வையாது, பலகை மேல் சுவரைத் தொடாதவாறு அடுக்குதல் வேண்டும். ஈரம் பட்ட தீனிற் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது மீனின் ஈரலைக் கெடுக்கும். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு நீங்காது. ஆதலால் மாரிக்கெனப் பெருந்தொகையாக வாங்கி அடுக்காது, செய்த திகதியிலிருந்து மூன்று மாதத்துள் முடியத்தக்க அளவே வாங்குதல் வேண்டும்.

குஞ்சு வாங்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்படி நீருயிரின வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் பெறுதல் அவசியம். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலரை அணுகுவோர், குட்டை நீரின் உப்பளவைக் கோடையில் ஒரு முறையும் மாரியில் ஒரு முறையும் அளந்து குறித்துக் கொண்டு செல்லுதல் நன்று. எந்த மீனை விடுவது, எந்தத் தீனை வாங்குவது என்னும் இரண்டையும் அவர் அக்குறிப்பைக் கொண்டே கூறுவர்.